‘டர்ட்டி’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? சித்தன்னவாசல் கல் படுக்கைகள் சொல்லும் இன்னொரு பொருள்

சட்டை டர்ட்டி. டர்ட்டி பாலிடிக்ஸ். டர்ட்டி ஜோக். ஆங்கிலம் படிக்காதவர்கள் வாயிலும் சாதாரணமாக வந்துபோகும் சொல் இது. அகராதியைத் திறந்தால் ‘அழுக்கான, அசுத்தமான’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால் சட்டையில் இருக்கும் அழுக்கும் அரசியலில் இருக்கும் அழுக்கும் ஒன்றா? சட்டையைத் துவைத்தால் போய்விடும். மனிதர்கள் மேல் ஒட்டிய ‘டர்ட்டி’ அவ்வளவு சுலபமாகப் போவதில்லை.

ஒரு பொருளைக் குறித்த சொல், எப்படி மனிதர்களை எடைபோடும் சொல்லாக மாறியது? அதைப் புரிந்துகொள்ள லண்டன் அகராதிகளை மட்டும் பார்த்தால் போதாது. புதுக்கோட்டையில் இருந்து சுமார் 16 கி.மீ. தூரத்தில் இருக்கும் சித்தன்னவாசல் மலையையும் எட்டிப் பார்க்க வேண்டும். உடம்பில் படியும் அழுக்கைத் துடைக்க மாட்டோம் என்று விரதம் பூண்ட சமணத் துறவிகள் தங்கிய மலை அது.

முதலில், அந்த ஆங்கிலச் சொல்.

‘டர்ட்’ என்றால் முதலில் என்ன?

கொஞ்சம் மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘டர்ட்’ என்பதன் பழைய வடிவம் ‘ட்ரிட்’. இங்கிலாந்தில் குடியேறிய வடபுலத்து ஸ்காண்டிநேவிய மக்களின் மொழியில் இருந்து வந்தது. அங்கே அதற்குப் பொருள், மலம். அவ்வளவுதான், சுற்றி வளைக்க எதுவும் இல்லை.

நாளடைவில் சாணம், சேறு, தெருப் புழுதி என்று எல்லாவற்றையும் அந்தச் சொல் தனக்குள் இழுத்துக்கொண்டது. அதன் பெயரடையாக ‘டர்ட்டி’ புழக்கத்துக்கு வந்து ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகள் இருக்கும். அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே போய், தோட்டத்து மண்ணையே ‘டர்ட்’ என்பார்கள். தார் போடாத மண் சாலைக்கு அங்கே பெயர் ‘டர்ட் ரோடு’. விதை போடும் மண்ணை நம்மூர் விவசாயி ஒருவரிடம் ‘அழுக்கு’ என்று சொல்லிப் பாருங்கள், அவர் பார்க்கும் பார்வையே வேறு மாதிரி இருக்கும்.

‘ட்ரிட்’ எப்படி ‘டர்ட்’ ஆனது என்ற சந்தேகம் வரலாம். உள்ளே இருந்த ‘ர்’ ஒலி இடம் மாறிவிட்டது, அதுதான் விஷயம். ‘த்ரீ’ என்று சொல்லிவிட்டு அடுத்து ‘தர்ட்’ என்கிறோமே, அங்கேயும் இதே கதைதான். ஆங்கிலத்தில் பறவையைக் குறிக்கும் ‘பேர்ட்’ என்ற சொல்லும் ஒரு காலத்தில் ‘ப்ரிட்’ என்றுதான் இருந்தது.

தமிழுக்கு இது புதிதே கிடையாது. ‘தசை’யை ‘சதை’ என்கிறோம். மதுரையை ‘மருதை’ என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பள்ளிக்கூட இலக்கணத்தில் ‘விசிறி - சிவிறி’ என்று இலக்கணப்போலிக்கு உதாரணம் படித்திருப்பீர்கள். அதே வேலைதான் ‘ட்ரிட்’டுக்கும் நடந்திருக்கிறது.

அழுக்கில் இருந்து அசிங்கத்துக்கு

பொருளைக் குறித்த சொல் நடத்தையைக் குறிக்கத் தொடங்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ‘டர்ட்டி மணி’ என்றால் நோட்டில் கறை இருப்பதாக அர்த்தம் இல்லை, வந்த வழி சரியில்லை. கதிரியக்கப் பொருளைச் சிதறடிக்கும் வெடிகுண்டுக்கு ‘டர்ட்டி பாம்’ என்று பெயர். 2011ஆம் ஆண்டு வெளியான ‘தி டர்ட்டி பிக்சர்’ இந்திப் படத்தை நினைத்துப் பாருங்கள். நடிகை சில்க் ஸ்மிதாவின் வாழ்க்கையைத் தழுவிய படம் என்று பேசப்பட்டது, வித்யா பாலனுக்கு தேசிய விருதும் கிடைத்தது. அந்தத் தலைப்பில் இருக்கும் ‘டர்ட்டி’ யாரைக் குறிக்கிறது? நடித்தவரையா, காசு கொடுத்துப் பார்த்தவர்களையா? படமே அந்தக் கேள்வியை வைத்துத்தான் விளையாடுகிறது.

ஆங்கிலத்தில் அழுக்குக்கு இன்னும் பல சொற்கள் உண்டு. ‘ஃபில்த்தி’ என்பது ‘ஃபவுல்’ என்ற சொல்லின் நேரடி வாரிசு. ஆமாம், கால்பந்தில் நடுவர் விசில் ஊதிக் கொடுக்கும் அதே ‘ஃபவுல்’தான். இரண்டுக்கும் அடியில் இருப்பது அழுகிப்போன வாடை. சமஸ்கிருதத்தில் துர்நாற்றத்தைக் குறிக்கும் ‘பூதி’ என்ற சொல்லும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ‘லவ்ஸி’ என்று மோசமான எதையும் திட்டுகிறார்களே, அதன் நேரடிப் பொருள் ‘பேன் பிடித்த’ என்பது!

தமிழும் இதில் சளைத்தது இல்லை. ‘டர்ட்டி பாலிடிக்ஸ்’ என்பதற்கு நம் மேடைப் பேச்சாளர்கள் பயன்படுத்தும் சொல் ‘மலினமான அரசியல்’. இந்த ‘மலினம்’ வந்தது ‘மல’ என்ற சமஸ்கிருதச் சொல்லில் இருந்து. அழுக்கு என்பது அதன் பொருள். (விலை குறைவு என்ற பொருளில் வரும் ‘மலிவு’ வேறு. அது ‘மலிதல்’, அதாவது நிறைந்து கிடப்பது என்ற தமிழ் வினையில் பிறந்தது. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.)

ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். ‘டர்ட்’ மலத்தில் தொடங்கிப் பொதுவான அழுக்காக விரிந்தது. ‘மலம்’ பொதுவான அழுக்கில் தொடங்கி, இன்றைய தமிழில் கழிவறையோடு சுருங்கிவிட்டது. ஒரே பாதையில் எதிரெதிர் திசையில் போன இரண்டு வண்டிகள். நடுவில் சைவ சித்தாந்தம் மட்டும் ஆணவம், கன்மம், மாயை என்று ‘மும்மலம்’ பேசி, பழைய பொருளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

இந்த ‘மல’ என்ற சொல்தான் சித்தன்னவாசல் மலைக்கு நம்மைக் கூட்டிப்போகிறது.

பாறையில் வெட்டிய படுக்கைகள்

சித்தன்னவாசல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அறிவர் கோயிலின் ஓவியங்கள். தாமரைக் குளம், மீன்கள், அன்னங்கள், யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர்கள் என விதானம் முழுக்கத் தீட்டிய ஓவியம். ஆனால் அதைவிடப் பல நூற்றாண்டுகள் பழமையானது மலையின் மேல் இருக்கும் இயற்கைக் குகை. பாறையில் வெட்டப்பட்ட ஏழு படிக்குழிகளில் கால் வைத்துப் போக வேண்டியிருந்ததால் அதற்கு ஏழடிப்பட்டம் என்று பெயர்.

உள்ளே வழவழப்பாகச் செதுக்கப்பட்ட 17 கல் படுக்கைகள். தலைப்பக்கம் மட்டும் கல்லிலேயே லேசாக உயர்த்தி, தலையணை மாதிரி விட்டிருக்கிறார்கள். பெரிய படுக்கையை ஒட்டி, சுமார் 2,000 ஆண்டுகள் பழமையான தமிழ் பிராமி கல்வெட்டு இருக்கிறது. குமுழூரில் பிறந்த ஒருவருக்காக இந்த இருக்கையைச் செய்து கொடுத்த செய்தியை அது சொல்கிறது. மற்ற படுக்கைகளின் அருகே பிற்காலத் துறவிகளின் பெயர்கள்: திருநீலன், திருப்பூரணன்...

பஞ்சு கிடையாது, பாய் கிடையாது, வெறும் பாறை. ஏன் இப்படிப் படுத்தார்கள்?

தமிழ்நாட்டில் ஆழமாக வேரூன்றிய சமணம் திகம்பரப் பிரிவு. திகம்பரத் துறவிக்கு 28 அடிப்படை விரதங்கள் உண்டு. தரையில் படுப்பது அதில் ஒன்று. ஆடை அணியாமல் இருப்பது, தலைமுடியைக் கையாலேயே பிடுங்கிக்கொள்வது, ஒரு நாளில் ஒரே வேளை, அதுவும் நின்றபடி சாப்பிடுவது ஆகியவையும் உண்டு. கூடவே இன்னும் இரண்டு: குளிக்கக் கூடாது, பல் துலக்கக் கூடாது.

கேட்டதும் முகம் சுளிக்கத் தோன்றும். ஆனால் காரணம் சோம்பல் அல்ல. தண்ணீரிலும் நம் உடம்பின் மேலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன, குளித்தால் அவை சாகும் என்பது சமணர்களின் நம்பிக்கை. மண்ணுக்குப் போகப்போகும் உடம்பை எதற்கு அலங்கரிப்பது என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. அதற்காக எதையுமே கழுவாமல் இருந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. திகம்பரத் துறவி கையில் வைத்துக்கொள்ள அனுமதி உள்ள சொற்பப் பொருட்களில் ஒன்று கமண்டலம். கை கால் கழுவவும், இயற்கை உபாதைக்குப் பின் சுத்தம் செய்யவும் அதில் தண்ணீர் இருக்கும். இன்னொன்று மயிற்பீலி. உட்காரும் இடத்தில் உள்ள சிறு பூச்சிகளை நோகாமல் விலக்குவதற்கு.

துறவி பொறுத்துக்கொள்ள வேண்டிய 22 துன்பங்களைச் சமண நூலான தத்துவார்த்த சூத்திரம் பட்டியல் போடுகிறது. பசி, தாகம், குளிர், வெப்பம், கொசுக்கடி, கரடுமுரடான படுக்கை, பிறரின் வசைச்சொல்... அந்த வரிசையில் ‘மல’மும் ஒன்று. அதாவது வியர்வையோடு சேர்ந்து உடம்பில் அப்பிக்கொள்ளும் அழுக்கு. அதைத் துடைக்காமல் தாங்குவதும் தவம்.

‘அழுக்கைச் சுமப்பவர்’ ஒரு பட்டம்

இதில் உச்சம் என்ன தெரியுமா? ‘மலதாரி’ என்று ஒரு பட்டமே இருந்தது. ‘அழுக்கைத் தரித்தவர்’ என்பது நேர்ப்பொருள். கர்நாடகத்தின் சரவணபெளகொளாவில் 12ஆம் நூற்றாண்டில் நோன்பிருந்து உயிர்விட்ட மல்லிஷேணர் என்ற ஆச்சாரியரை அங்குள்ள நீண்ட கல்வெட்டு போற்றுகிறது. அவர் பெயரோடு சேர்ந்தே வருவது ‘மலதாரி’. அதே நூற்றாண்டில் குஜராத்தில் வாழ்ந்த வெள்ளாடைச் சமணரான ஹேமச்சந்திரர் ஒருவருக்கும் இந்த அடைமொழி உண்டு. புகழ்பெற்ற இன்னொரு ஹேமச்சந்திரரிடம் இருந்து அவரைப் பிரித்துச் சொல்ல, இன்றுவரை ‘மலதாரி ஹேமச்சந்திரர்’ என்றே குறிப்பிடுகிறார்கள்.

ஆங்கிலத்தில் இதை அப்படியே பெயர்த்தால் ‘டர்ட்டி’ என்றுதான் வரும். ஆனால் இங்கே அது திட்டு இல்லை, டாக்டர் பட்டம் மாதிரி.

அதே சொல், வசையாகவும்

எல்லோரும் இதை மெச்சவில்லை. 7ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ‘மத்தவிலாசம்’ என்று ஒரு சமஸ்கிருத நகைச்சுவை நாடகம் எழுதினான். காஞ்சியில் குடித்துவிட்டுத் திரியும் ஒரு காபாலிகன்தான் அதில் நாயகன். அவன் வாயால் சமணர்கள் கேலி செய்யப்படுகிறார்கள். முடி பிடுங்குவதும் அழுக்கைச் சுமப்பதும் உயிர்களை வதைப்பதுதானே என்பது அவன் வாதம். போற்றிச் சொன்ன அதே ‘மலம் தரித்தல்’ இங்கே நக்கலாகிவிட்டது.

சுவையான முரண் ஒன்று உண்டு. சித்தன்னவாசல் ஓவியங்களை வரையச் செய்தவன் இதே மகேந்திரவர்மன்தான் என்று ஆய்வாளர்கள் ஒரு காலத்தில் நம்பினார்கள். முதலில் சமணனாக இருந்து, அப்பரால் சைவத்துக்கு மாறியவன் என்று மரபு சொல்வதால் அந்த ஊகம் பொருந்தியும் போனது. பிறகு, 9ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்ற சமண ஆசிரியர் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்லும் கல்வெட்டு வெளிச்சத்துக்கு வந்தது. இப்போது ஓவியங்கள் பாண்டியர் கணக்கில்.

தேவாரத்திலும் சமணர்களின் குளிக்காத உடம்பும் துலக்காத பல்லும் திரும்பத் திரும்பத் தாக்கப்படுகின்றன. அரச ஆதரவுக்கும் மக்கள் ஆதரவுக்கும் மதங்கள் போட்டியிட்ட காலம் அது. கொள்கையை மறுத்து வாதாட நேரம் பிடிக்கும். ‘அழுக்கன்’ என்று சொல்லிவிட்டால் ஒரு வார்த்தையில் வேலை முடிந்தது. எதிராளியை வாதத்தால் அல்லாமல் வாடையால் தோற்கடிக்கும் உத்தி. இன்றைய சமூக ஊடகச் சண்டைகளைப் பார்ப்பவர்களுக்கு இது ஒன்றும் அந்நியமாகத் தெரியாது.

அந்தச் சண்டையின் தழும்பு தமிழிலேயே இருக்கிறது. ‘அமணம்’ என்றால் சமணம். அதில் இருந்துதான் ‘அம்மணம்’ வந்தது என்பது சொல்லாய்வாளர்கள் பலரின் கருத்து. ஒரு துறவு நெறியின் பெயர், கடைசியில் குழந்தைகளை ‘அம்மணமா ஓடாதே’ என்று அதட்டும் சொல்லாக நிற்கிறது.

நிர்மலா, விமலா, அமலா

அழுக்கைச் சுமந்தவர்கள் எதிர்பார்த்தது என்ன? அழுக்கில்லாத நிலையைத்தான். உடம்பின் மலம் தோலோடு நின்றுவிடும், வினை என்னும் மலம் உயிரில் ஒட்டும், அதைத்தான் கழுவ வேண்டும் என்பது சமணர் கணக்கு. 24 தீர்த்தங்கரர்களில் 13ஆவது தீர்த்தங்கரரின் பெயர் விமலநாதர், அதாவது மலம் அற்றவர்.

உங்கள் தெருவிலேயே ஒரு நிர்மலா, விமலா, அமலா இருப்பார். நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பெயரும், நடிகர் விமல் பெயரும் இதே வேரில் பிறந்தவை. எல்லாவற்றுக்கும் ஒரே பொருள்: அழுக்கற்ற. தூய தமிழில் வேண்டுமென்றால் மாசிலாமணி. திறந்தவெளியில் மலம் கழிப்பதை ஒழித்த ஊராட்சிகளுக்கு மத்திய அரசு 2003ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய விருதுக்கும் ‘நிர்மல் கிராம் புரஸ்கார்’ என்றுதான் பெயர் வைத்தார்கள். ‘மல’ என்ற சொல்லின் பழைய பொருளும் புதிய பொருளும் ஒரே விருதில் சந்தித்துக்கொண்டன!

சுத்தம் செய்பவருக்கு ஏன் அழுக்குப் பட்டம்?

துறவி தானே விரும்பி ஏற்ற அழுக்குக்கு மரியாதை கிடைத்தது. பிறர் வீட்டு அழுக்கை அள்ளியவருக்கு? ஊரைச் சுத்தம் செய்யும் வேலை பிறப்பின் அடிப்படையில் சிலர் தலையில் கட்டப்பட்டது. பிறகு அந்த வேலையைக் காட்டியே அவர்களை அசுத்தமானவர்கள் என்று ஒதுக்கி வைத்தார்கள். அழுக்கை உண்டாக்கியவர் சுத்தமானவர், அதை அகற்றியவர் அழுக்கானவர் என்பது எந்தத் தர்க்கத்திலும் சேராது. ஆனாலும் நூற்றாண்டுக் கணக்கில் நடந்தது.

மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், போதாது என்று 2013இல் இன்னொரு சட்டம். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி உயிரிழப்போரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்தில் இருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2023 அக்டோபரில். இரண்டு சட்டங்கள் வந்த பிறகும் இழப்பீட்டுத் தொகையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது என்பதே நிலைமையைச் சொல்லிவிடும்.

தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டு ‘துப்புரவுப் பணியாளர்’ என்ற பெயர் ‘தூய்மைப் பணியாளர்’ என்று அரசால் மாற்றப்பட்டது. உண்மையில் ‘துப்புரவு’ என்பதும் தூய்மையைக் குறிக்கும் சொல்தான், அதில் இழிவு எதுவும் இல்லை. வேலை செய்பவர்களைச் சமூகம் நடத்திய விதம்தான் அந்தச் சொல்லில் கறையாகப் படிந்தது. ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’, இன்று மூக்கைப் பொத்தவைக்கும் சொல்லாகிவிட்டதே, அதே மாதிரி. புதிய பெயரில் கறை படியுமா படியாதா என்பது சம்பளத்தையும் கையுறையையும் இயந்திரத்தையும் பொறுத்தது.

எது அழுக்கு, எது கல்வெட்டு?

தலையில் இருக்கும்வரை முடியைப் பூ வைத்து அழகு பார்க்கிறோம். அதே முடி சோற்றில் கிடந்தால் தட்டையே தள்ளிவிடுகிறோம். முடி மாறவில்லை, இடம்தான் மாறியது. இருக்கக் கூடாத இடத்தில் இருக்கும் பொருளுக்குப் பெயர்தான் அழுக்கு என்ற பார்வையை 1966இல் வெளியான தன் நூலில் விரிவாக எழுதினார் பிரிட்டனைச் சேர்ந்த மானுடவியலாளர் மேரி டக்ளஸ்.

அந்தப் பார்வையோடு ஏழடிப்பட்டம் போய்ப் பாருங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் படுக்கை அருகே வெட்டிய பெயர் இன்று கல்வெட்டு, வரலாற்று ஆதாரம். தமிழ்நாட்டுச் சமணக் குகைகள் பலவற்றில் நேற்று வந்தவர் ஆணியால் கீறிய ‘ராஜா லவ்ஸ் ராணி’ அசிங்கம். இரண்டும் பாறையில் எழுதிய பெயர்கள்தானே என்று யாராவது வாதாடலாம். வித்தியாசம் இருக்கிறது. அந்தத் துறவிகளின் பெயர், அவர்கள் படுத்த இடத்தின் ஒரு பகுதி. இந்தக் காதலர்களின் பெயர், அடுத்தவர் வரலாற்றின் மேல் ஒட்டிய சேறு.

கீழே அறிவர் கோயிலில் ஆபத்து இன்னும் அதிகம். சுண்ணாம்புப் பூச்சின் மேல் காவி மண், மஞ்சள் மண், பச்சை மண், கரி என இயற்கைப் பொருட்களால் தீட்டிய ஓவியங்கள் அவை. யோசித்துப் பார்த்தால், தெருவில் கிடந்தால் நாம் ‘டர்ட்டி’ என்று சொல்லக்கூடிய மண்ணும் கரியும்தான் அங்கே தாமரையாகவும் அன்னமாகவும் ஆகியிருக்கின்றன. தூண்களில் இருக்கும் நடன மாதர்களின் உருவங்கள் ஏற்கெனவே பெரும்பகுதி மங்கிவிட்டன. தொடும் விரலில் உள்ள வியர்வையும் எண்ணெயும் மிச்சத்தையும் எடுத்துவிடும்.

இந்த இடம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினாலோ உருக்குலைத்தாலோ, 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2 ஆண்டுகள் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். போகிறவர்கள் காலையிலேயே கிளம்புவது நல்லது. வெயில் ஏறிவிட்டால் பாறை கொதிக்கும். மேலே குகைக்கும் கீழே கோயிலுக்கும் இரண்டுக்குமாக நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஓவியத்தைப் பார்த்துவிட்டு கல் படுக்கைகளைப் பார்க்காமலே திரும்பி வருபவர்கள்தான் அதிகம்.